எதிரே ஓர் ஆள்

உலக சாம்பியன் என்று கூப்பிட்டால் யாருக்காவது கோபம் வருமா? பிரேக் மேடத்துக்கு வரும். மூக்கு நுனி சிவந்துவிடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "நான் யாரையும் ஜெயிக்கலைங்க" என்பார். கேட்பவர்கள் உருகிப்போவார்கள். "பாத்தியா, எவ்வளவு அடக்கம்! நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று பக்கத்தில் இருப்பவரை இடிப்பார்கள். அந்த அம்மாள் சொல்வது பச்சை உண்மை என்பது ஒருத்தருக்கும் உறைக்காது. உண்மையைச் சொல்லிச் சொல்லியே நல்ல பெயர் வாங்கி நொந்துபோனவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

விஷயம் என்னவென்றால், வயதானவர்களுக்கென்று உலக அளவில் ஜூடோ போட்டி நடக்கிறது. முதலில் ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள், பிறகு எடைவாரியாகப் பிரிப்பார்கள். ஆண்கள் பக்கம் தள்ளுமுள்ளு. பெண்கள் பக்கத்தில் அறுபதைத் தாண்டிவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஓர் எடைப் பிரிவில் ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால், அவர் விரிப்பின்மேல் ஏறி, எதிரே இருக்கும் காற்றுக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும். நடுவர் கையைத் தூக்கிக் காட்டுவார். கழுத்தில் தங்கம் விழும். மேடம் மூன்று முறை கடல் தாண்டிப் போய் மூன்று தங்கம் வாங்கிவந்தது இப்படித்தான். ஒரு தடவைகூட யாருடைய சட்டைக் காலரையும் அவர் தொட்டதில்லை.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அதுதான் நான்" என்று வீட்டில் பொருமுவார்.

"இனிக்குதில்ல? அப்புறம் என்ன?" என்பார் வீட்டுக்காரர்.

பிரேக் மேடம் என்ற பெயர் அவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் கிடைத்தது. ஸ்கூல் என்றதும் பெரிய கட்டிடத்தை நினைத்துவிடாதீர்கள். சாவி வெட்டுகிற கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஓர் அறை. சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த அட்டை, வாசலில் ஒரு வெள்ளைக் கார். காரில் கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மேடத்தின் காலடியில் இன்னொரு பிரேக். கால் நூற்றாண்டாக மேடத்தின் வலது கால் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே குடியிருக்கிறது. டிவியில் கதாநாயகன் காரைப் பறக்கவிட்டால்கூட, சோபாவில் இருக்கும் மேடத்தின் கால் தரையைப் போட்டு அழுத்தும்.

ஜூடோ வந்த கதையும் அந்தக் காரில்தான் தொடங்கியது. மேடத்துக்கு ஐம்பது வயதானபோது ஒரு பல் டாக்டர் கார் பழக வந்தார். இளவயது, ஆள் கதவு அகலத்துக்கு இருப்பார். பகலில் பல் பிடுங்குவார், மாலையில் ஜூடோ சொல்லிக்கொடுப்பார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வெடவெடவென்று நடுங்கும்.

"இவ்வளவு பெரிய உடம்ப வெச்சிக்கிட்டு என்னங்க பயம்? காரு உங்களைக் கடிச்சிடுமா?" என்று மேடம் ஒருநாள் எரிந்து விழுந்தார்.

"ஒருநாள் எங்க விரிப்புல வந்து விழுந்து பாருங்க மேடம். பயம்னா என்னன்னு அப்பத் தெரியும்" என்றார் அவர்.

மேடத்திடம் அப்படிச் சவால் விடலாமா? அன்றைக்கு மாலையே போய்விட்டார். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். எழும்போதெல்லாம் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை, கூடவே வசிக்கும் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்: "நாள் பூரா யாரும் யார் மேலயும் மோதிடாம பாத்துக்கறதுதான் என் பொழப்பு. அங்க போய் மோதினா கை தட்டறாங்கடி!"

அதற்குப் பிறகு பல் டாக்டர் மேடத்துக்கு மாஸ்டர் ஆனார். மாஸ்டருக்கு மேடம் கடைசிவரை மேடம்தான்.

இப்போது வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே சார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. காலை முதல் மதியம்வரை ஒடிந்த மணிக்கட்டு, நொறுங்கிய முழங்கால், விலகிய தோள்பட்டை என்று வரிசையாகப் படுக்கவைத்துப் படம் எடுப்பார். எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைப்பார். சமையலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மனைவி போட்டிக்குப் போகும் நாட்களில் மட்டும் மனிதருக்கு உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியாது. எதிராளி இல்லை என்று செய்தி வந்ததும்தான் மூச்சே விடுவார். விமான நிலையத்துக்குப் பூங்கொத்தோடு போய் நின்று, "அடி படாம வந்தியா? அதுதான் எனக்குத் தங்கம்" என்பார். மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்தப் பூங்கொத்தைத் தண்ணீரில் போட்டுவைப்பார்.

இந்த வருடம் மேடத்துக்கு அறுபத்து நாலு. அறுபத்தைந்து பிறந்தால் அடுத்த வயதுப் பிரிவு. அந்தப் பிரிவில், அவர் எடைக்கு அக்கம்பக்கத்தில், உலகத்திலேயே ஒரு பெண்ணும் பெயர் கொடுப்பதில்லை. சாகும்வரை காற்றோடு மல்லுக்கட்டித் தங்கம் வாங்கிக்கொண்டே இருக்கலாம். ஆக, நிஜமாக ஒரு சண்டை போட வேண்டும் என்றால் இந்த வருடம்தான். விட்டால் போச்சு.

வழி ஒன்று இருந்தது. ஐம்பத்தேழு கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் இரண்டு பெண்கள் வருடாவருடம் வருவார்கள். ஒருத்தர் செம்பட்டை முடிக்காரர். இன்னொருத்தர் வெள்ளை முடியைச் சடையாகப் பின்னித் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பார், பெரிய கை. மேடம் மூன்று வருடமாக அவரைப் பார்வையாளர் வரிசையிலிருந்து வாய் பிளந்து பார்த்திருக்கிறார். மேடத்துக்கு எடை ஐம்பத்தொன்பதுக்குப் பக்கம். கொஞ்சம் இளைத்தால் அந்தப் பிரிவுக்குள் போய்விடலாம். போன வருடங்களிலும் முயன்று பார்த்திருக்கிறார். இம்மிகூட இறங்கியதில்லை. "என் உடம்பு வாகு அப்படி" என்று விட்டுவிட்டார். இந்த வருடம் விடுவதாக இல்லை.

"அரை வயிறுதான். சூப்பு, காய்கறி, அவ்வளவுதான். எண்ணெய் கண்ணுல காட்டாதீங்க" என்று வீட்டுக்காரரிடம் உத்தரவு போட்டார்.

"ஆகட்டும்" என்றார் எக்ஸ்ரே சார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

தினமும் காலையில் எடை பார்க்கும் வைபவம். மேடத்துக்கு ஒரு கொள்கை: தராசில் ஏறும்போது உடம்பில் ஒரு கிராம் அதிகம் இருக்கக்கூடாது. தோடு கழற்றுவார், மோதிரம் கழற்றுவார், கடைசியில் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஆனையும் ஆட்டோவும் ஒன்றுதான். அப்புறம் தராசு காட்டும் எண்ணை யார் படிப்பது? எக்ஸ்ரே சார்தான் குனிந்து படிப்பார். வாரம் போகப்போக எண் இறங்கிக்கொண்டே வந்தது. கிளம்புகிற அன்று, "ஐம்பத்தாறு தொள்ளாயிரம்" என்று படித்தார். மேடம் தராசின் மேலேயே ஒரு குதி குதித்தார். வீட்டுக்காரரின் காதைப் பிடித்து ஆட்டி, "உங்க சூப்புதாங்க காரணம்!" என்றார். மனிதர் ஏனோ தலை நிமிரவே இல்லை.

இந்தத் தடவை எக்ஸ்ரே சாரும் வருகிறேன் என்றார். எல்லோருக்கும் ஆச்சரியம். ஊர் சுற்றக் கிடைக்கிற வாய்ப்பை விடுவாளா நாத்தனார்? அவளும் பெட்டி கட்டினாள். மாஸ்டரோடு நாலு பேருமாகப் போய் இறங்கினார்கள்.

போட்டி மண்டபம் விமானம் நிறுத்தலாம் போல அகலமாக இருந்தது. நரைத்த தலைகள், வழுக்கைகள், முழங்கால் பட்டைகள். பார்க்கும் இடமெல்லாம் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்து முதுகில் அறைந்துகொண்டிருந்தார்கள். மாலையில் முறைப்படி எடை பார்ப்பார்கள். அதுவரை விரும்பியவர்கள் ஏறிப் பார்த்துக்கொள்ள, பெண்கள் அறையில் ஒரு தராசு வைத்திருந்தார்கள். மேடம் வழக்கம்போல எல்லாவற்றையும் கழற்றி நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.

"படிடி."

நாத்தனார் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். "அம்பத்தெட்டு... புள்ளி ஒண்ணு, அண்ணி."

"இந்தத் தராசு சரியில்ல. கிளம்பற அன்னிக்கு உங்க அண்ணன் அம்பத்தாறு தொள்ளாயிரம்னு படிச்சாரே!"

"அண்ணன் படிச்சாரா? நீங்க பாக்கலையா?"

"கண்ணாடியில்லாம எப்படிப் பாக்கறது?"

"அதானே பாத்தேன்! தினம் ஒரு கரண்டி வெண்ணெய சூப்புக்குள்ள போட்டுக் கலக்கினா எப்படி எறங்கும்னு நானும் மண்டைய ஒடைச்சிக்கிட்டேன்" என்றவள், சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒரு மனிதர் வருடக்கணக்காகப் பாடுபட்டதெல்லாம் அந்த நிமிடத்தில் பாழாய்ப்போனது.

எக்ஸ்ரே சார் வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மேடம் எதிரே போய் நின்றார்.

"என்னங்க, நான் எத்தனை கிலோ?"

திருடனுக்குத் தேள் கொட்டிய முகம் அவருக்கு. "அது... நம்ம வீட்டுத் தராசு கொஞ்சம்..."

"தராசை இழுக்காதீங்க. வாயில்லாப் பொருள், பாவம். நீங்க சொல்லுங்க."

அவர் பையின் வாரை முறுக்கினார், பிரித்தார். பிறகு மளமளவென்று கொட்டிவிட்டார். ஆமாம், வெண்ணெய் போட்டது அவர்தான். இந்த வருடம் மட்டுமல்ல, எல்லா வருடமும். எண்ணை மாற்றிப் படித்ததும் அவர்தான். எடை கூடுதலாக இருந்தால் அடுத்த எடைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே ஆளே கிடையாது, கையைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிடுவார்கள் என்று விசாரித்துவைத்திருந்தார்.

"நான் தெனம் ஒடஞ்சதையும் நொறுங்கினதையும்தான் பாக்கறேன். உன்னை அந்த மேஜையில படுக்க வெச்சுப் படம் எடுக்கற தெம்பு எனக்கில்ல. சத்தியமா இல்ல" என்றார்.

மேடத்துக்குக் கோபம் தலைக்கேறித்தான் வந்திருந்தது. வைய வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் கோபத்தோடு அழுகையும் சேர்ந்து வந்தது.

"மூணு தடவைங்க. மூணு தடவை அத்தனை பேர் முன்னாடி ஒண்டியா நின்னு கையத் தூக்கிக் காட்டிட்டு வந்திருக்கேன். கீழ எறங்கும்போது எப்படி இருக்கும் தெரியுமா? பரீட்சையே எழுதாம பாஸ் பண்ணவ மாதிரி கூசும். ஊர்ல சாம்பியன், சாம்பியன்னு கூப்பிடறப்ப எங்கயாவது ஓடி ஒளிஞ்சிக்கலாமான்னு இருக்கும். எனக்குத் தங்கம் வேணாம். எதிர்ல ஒரு ஆள் வேணும். தோத்தாலும் பரவாயில்ல, நிஜமா தோக்கணும்."

எக்ஸ்ரே சார் எழுந்து, பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து மேடத்தின் தோளில் போட்டார்.

"வா."

"எங்க?"

"மாடிப்படிக்கு. ஏத்தினவன் நான். எறக்கறதும் நானே."

மண்டபத்தின் பின்பக்கம் ஆள் நடமாட்டமில்லாத படிக்கட்டு ஒன்று இருந்தது. நடமாட்டமில்லை என்று பெயர்தான். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு கூட்டமே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் கம்பளிக்குமேல் பிளாஸ்டிக் சட்டை மாட்டி, வேர்த்து வழிந்து, கடைசி நேரத்தில் கிராம் கிராமாகக் கரைப்பவர்கள். முறுக்கு மீசை வைத்த ஒரு தாத்தா கடந்து போகும்போது மேடத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். மேடமும் மழைக்கோட்டுக் கையால் ஒரு சல்யூட் வைத்தார். துணைக்கு ஏறிய எக்ஸ்ரே சாரும் கோட்டு, கம்பளி, தொப்பி எல்லாம் மாட்டியிருந்தார். அவர் எதற்கு மாட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மனைவி வேர்க்கும்போது தான் மட்டும் காற்றாட நிற்பதா என்று நினைத்தாரோ என்னவோ.

மாஸ்டர் ஒவ்வொரு சுற்றிலும் மேடத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "நான் நிறுத்துன்னா நிறுத்திடணும் மேடம். பேச்சே கிடையாது" என்றார். நாத்தனார் கீழ்ப்படியில் துண்டோடு உட்கார்ந்து வர்ணனை செய்தாள்: "அண்ணி மேல போயிட்டாங்க... அண்ணனைக் காணோம்... அண்ணன் ரெண்டாவது மாடியில கைப்பிடியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கறாரு... அண்ணி எறங்கி வந்து அண்ணனை இழுத்துட்டுப் போறாங்க!" படிக்கட்டில் இருந்தவர்களுக்கு மொழி புரியாது. ஆனாலும் சிரித்தார்கள். எக்ஸ்ரே சார் ஒருமுறை படியிலேயே மல்லாந்துவிட்டார்.

"அண்ணா, எழுந்திரிங்க! அண்ணிய விட நீங்கதான் எளைச்சிட்டீங்க" என்று நாத்தனார் விசிறினாள்.

"வெண்ணெய் தின்னது அவ. வெயிட்டு ஏறினது எனக்கா?" என்று முனகினார் அவர். மேடம் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பிலும் கொஞ்சம் எடை குறைந்திருக்கும் என்று மாஸ்டர் சொன்னார்.

மாலையில் மேடம் எடை அறைக்குள் போனார். மூன்று பேரும் வெளியே கதவைப் பார்த்தபடி நின்றார்கள். திரும்பி வந்தவர் முகத்தில் ஒன்றும் புலப்படவில்லை.

"என்ன ஆச்சு?"

"தெரியல. எண்ணும் தெரியல, பாஷையும் புரியல. அந்த அம்மா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க. அது அவங்க ஊர்ல நல்லதா கெட்டதா?"

மாஸ்டர் உள்ளே போகாமலே வாசலில் இருந்தவர்களிடம் விசாரித்துவிட்டு வந்து, மேடத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். எக்ஸ்ரே சார் கைதட்டினார். தட்டிவிட்டு, மறுநாள் என்ன நடக்கப்போகிறது என்று நினைவு வர, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் முதல் சண்டை செம்பட்டை முடிக்காரரோடு. விரிப்பின்மேல் ஏறி மேடம் வணங்கினார். எதிரே ஓர் உருவம் குனிந்து வணங்கியது. கண்ணாடி இல்லாததால் மூக்கும் முழியும் தெரியவில்லை. ஆனால் ஆள்! நிஜமான ஆள்! மேடத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

புல்லரித்து என்ன செய்ய? பழக்கம் விடுமா? நடுவர் குரல் கொடுத்ததும் மேடம் கையை நீட்டி எதிராளியைத் தள்ளிப் பிடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, வலது காலை ஊன்றி அழுத்திக்கொண்டு நின்றுவிட்டார். எதிரே வருவது வண்டியாக இருந்தால் சரியான வேலைதான். நடுவர் இரண்டு கையையும் சுழற்றிக் காட்டி, சண்டை போடவில்லை என்று எச்சரிக்கை கொடுத்தார்.

"மேடம், பிரேக்ல இருந்து காலை எடுங்க!" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார்.

எடுத்தார். எடுத்த அந்தக் கணத்தில் செம்பட்டை முடிக்காரர் உள்ளே புகுந்து திரும்ப, மேடம் அவர் முதுகின்மேல் ஏறிப்போய்த் தொம்மென்று விழுந்தார். முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்தியது மேடம் இல்லை, மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த எக்ஸ்ரே சார்.

மேடம் எழுந்து வணங்கிவிட்டு இறங்கியபோது முகம் பிரகாசமாக இருந்தது. "தூக்கிப் போட்டுட்டாங்க மாஸ்டர்! பாத்தீங்களா, நிஜமாவே தூக்கிப் போட்டுட்டாங்க!" என்றார். அப்புறம்தான் இடது கை மோதிர விரலைப் பார்த்தார்கள். சட்டைக் கைக்குள் மாட்டித் திருகிக்கொண்டு, புடைத்து நீலம் பாரித்திருந்தது.

மாஸ்டர் முகம் மாறியது. "ஒடிஞ்சிருந்தா அடுத்த சண்டை கிடையாது மேடம். பேரை எடுத்துடுவேன்."

அதற்குள் எக்ஸ்ரே சார் படிகளில் தடதடவென்று இறங்கி வந்துவிட்டார். "தள்ளுங்க. பல்லு உங்களுது, எலும்பு என்னுது" என்று மாஸ்டரை விலக்கிவிட்டு, முழங்காலில் உட்கார்ந்து மனைவியின் கையை எடுத்துக்கொண்டார். விரலை அடியிலிருந்து நுனிவரை கணுக் கணுவாக அழுத்தினார். மடக்கச் சொன்னார். நீட்டச் சொன்னார். நுனியைப் பிடித்து உள்பக்கமாக மெல்லத் தட்டினார். ஒடிந்த விரல்களோடு ஒரு வாழ்நாள் கழித்தவர், அந்த மண்டபத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒடிந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாஸ்டர் பெயரை எடுத்துவிடுவார், மனைவி முழுசாக வீட்டுக்கு வந்துவிடுவாள், யாரும் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைச் சடைக்காரர் விரிப்பின் ஓரத்தில் நின்று தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

மேடத்துக்கு அவர் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் கை தட்டிய இடத்தையே மறுபடி மறுபடி தட்டுவது தெரிந்தது.

"என்னங்க... உள்ளதச் சொல்லுங்க."

எக்ஸ்ரே சார் தட்டுவதை நிறுத்தினார். "ஒடியல" என்றார். "சுளுக்குதான். வலிக்கும். ரொம்பவே வலிக்கும். ஆனா ஒடியல. மாஸ்டர், பக்கத்து விரலோட சேத்துக் கட்டுங்க." பிறகு மேடத்தைப் பார்த்து, "போ. போய்ச் சண்டை போடு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். இதற்கு ஈடாக ஒன்றும் சொன்னதில்லை என்று மேடத்துக்குத் தோன்றியது. கட்டுப்போட்ட கையால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார்.

வெள்ளைச் சடைக்காரர் வணங்கிய வணக்கத்திலேயே பத்து வருடச் சாம்பியன்களை விழுங்கிய திமிர் இருந்தது. அவர் பிடித்த பிடியில் மேடத்தின் காலர் நெரிந்தது. பழைய மேடமாக இருந்தால் கால் தானாக ஊன்றியிருக்கும். இந்தத் தடவை ஊன்றவில்லை. இவரே முன்னால் போனார். இடது பக்கம் இழுத்தார், வரவில்லை. வலது பக்கம் தள்ளினார், அசையவில்லை. விரல் தீயாய் எரிந்தது. எரியட்டும் என்று விட்டார். வெள்ளைச் சடை ஓரடி முன்னால் வைத்தது. அந்தப் பாதம் தரையில் முழுசாக ஊன்றுவதற்குள் மேடத்தின் கால் அதைப் பக்கவாட்டில் வாரியது. அவ்வளவு பெரிய மனுஷி சரிந்து, ஒருக்களித்து விழுந்தார்.

நடுவர் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். அரைப் புள்ளி, மேடத்துக்கு!

நாத்தனார் போட்ட கூச்சலில் பக்கத்து விரிப்பில் சண்டை போட்டவர்களே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். கீழேயே நின்றுவிட்டிருந்த எக்ஸ்ரே சார் ஒரு நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "அவளை இறுக்கிப் பிடி! விடாத! இன்னொண்ணு போடு!" என்று கத்தியது அவர்தானா என்று மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவரேதான்.

வெள்ளைச் சடைக்காரர் எழுந்து பெல்ட்டை இறுக்கினார். கிட்டே வந்தபோது அவர் சிரிக்கிறார் என்பது மேடத்துக்கே தெரிந்தது. தூங்கிய புலியை இடறிவிட்டோம் என்று புரிவதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். இழுத்தார்கள், தள்ளினார்கள், இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள், இரண்டு பேருக்கும் சட்டை பெல்ட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது. நேரம் முடியக் கொஞ்சம்தான் பாக்கி. வெள்ளைச் சடை ஒரு பொய் அடி வைத்துத் திரும்பியது. மேடத்தின் கால்கள் தரையைவிட்டுக் கிளம்பின. மேல்விளக்குகள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றின. முதுகு பட்ட சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. அப்பழுக்கில்லாத முழுப் புள்ளி.

மேடம் எழுந்திருக்கவில்லை. நடுவர் பதறிக் குனிந்தார். எக்ஸ்ரே சார் நாற்காலியிலிருந்து குதித்தார். கிட்டே போனால், அந்த அம்மாள் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பை அடக்க முடியாமல்தான் எழவில்லை. வெள்ளைச் சடைக்காரர் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, தன் கையோடு மேடத்தின் கையையும் சேர்த்து உயர்த்திப் பிடித்தார். எதிரே ஆள் நின்று தூக்கிய கை அது.

இரண்டு சண்டை, இரண்டிலும் தோல்வி, மூன்று பேரில் மூன்றாமிடம். வெண்கலத்தைக் கழுத்தில் மாட்டியதும் மேடம் அதைப் பல்லால் கடித்துப் பார்த்தார். "இது என்னுது" என்றார். யாரிடம் சொன்னார் என்றெல்லாம் இல்லை. நாலைந்து தடவை சொன்னார்.

கிளம்பும் நேரத்தில் வெள்ளைச் சடைக்காரர் தேடிக்கொண்டு வந்தார். பாஷை இல்லை, விரல்தான். முதலில் ஆறு விரல், பிறகு நாலு. தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஆறு, அஞ்சு. கையை மேலே காட்டி, மேடத்தையும் தொட்டுக் காட்டினார்.

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டும் மேடத்துக்குப் புரியவில்லை. நாத்தனாருக்குத்தான் பொறி தட்டியது. "அண்ணி! அவங்களுக்கும் அறுபத்து நாலு! அடுத்த வருஷம் அவங்களும் உங்க பிரிவுக்கு வர்றாங்க! உங்களையும் வரச் சொல்றாங்க!"

மேடம் அந்தக் கையைப் பார்த்தார். காற்றுத்தான் துணை என்று நினைத்திருந்த பிரிவில் இத்தனை பெரிய கையோடு ஓர் ஆள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளைச் சடைக்காரர் தன் இடுப்பை இரண்டு கையாலும் அளந்து காட்டி, மேடத்தைப் பார்த்துச் சுட்டுவிரலை ஆட்டினார். எடை ஏறிவிடாதே, என் பிரிவிலேயே இரு என்கிறார். அதைப் புரிந்துகொள்ள ஒருத்தரும் தேவைப்படவில்லை.

எக்ஸ்ரே சார் முன்னால் வந்தார். நெஞ்சில் கைவைத்து, நிமிர்ந்து, தெள்ளத் தெளிவாகச் சொன்னார்: "கவலையே படாதீங்கம்மா. இவ எடைக்கு நான் பொறுப்பு."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாக அவர் கையைப் பற்றி ஒரு குலுக்குக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் எக்ஸ்ரே சார் இரண்டடி முன்னால் போய், தடுமாறி, விழாமல் நின்றார்.